டாலி இண்டர்ஃபேஸ் குறைந்த செலவில்: 14 டிரைவரில் பாதி கண்ணில் படவே இல்லை

கைவிளக்கு எழுதியது:

வணக்கம். டாலி பஸ்ஸுக்கு, அதாவது கட்டடத்து விளக்குகளை இரண்டே கம்பியில் கட்டுப்படுத்தும் லைனுக்கு, மைக்ரோகண்ட்ரோலரை இணைக்க நானே ஒரு இண்டர்ஃபேஸ் செய்திருக்கிறேன். ரெடிமேட் கேட்வே வாங்க மனசு வரவில்லை, உள்ளே இருப்பது நாலு பைசா சமாச்சாரம்தானே என்று ஒரு திமிர். சர்க்யூட் இவ்வளவுதான்: பஸ்ஸிலிருந்து பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அப்புறம் இரண்டு பிசி 817 ஆப்டோ (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் சிப்). வாங்கும் பக்கம் 5.1 வோல்ட் ஜீனரும் 4.7 கிலோ ஓமும் ஆப்டோ எல்இடிக்கு முன்னால் இருக்கின்றன, அந்தப் பக்கம் 3.3 வோல்ட்டுக்கு 47 கிலோ ஓம் புல்அப் (காலை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்). அனுப்பும் பக்கம் ஆப்டோவும் ஒரு பிசி 337 டிரான்சிஸ்டரும் டார்லிங்டன் போலச் சேர்ந்து பஸ்ஸைக் கீழே இழுக்கின்றன. பஸ்ஸுக்கு மின்சாரம் 18 வோல்ட் அடாப்டரிலிருந்து, எல்எம் 317-ஐ கரண்ட் லிமிட்டாக 5.1 ஓம் வைத்துக் கட்டினேன், கணக்குப்படி 245 மில்லிஆம்ப். சும்மா இருக்கும்போது பஸ்ஸில் 16 வோல்ட் காட்டுகிறது.

மூன்று டிரைவர் (விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாட்டினேன், அருமையாக வேலை செய்தது. 14 மாட்டினேன், முகவரி கொடுக்கும்போது சொதப்புகிறது. ஒரு தடவை 9 பேர் இருக்கிறார்கள் என்கிறது, அடுத்த தடவை 11, ஒரே ஒரு தடவை 4. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக அணை, ஏற்று என்றால் 14-ம் ஒழுங்காகக் கேட்கின்றன. பஸ்ஸில் கரண்ட் போதவில்லையோ?

டியூப்லைட்பல்லி எழுதியது:

கம்பி எவ்வளவு நீளம், எத்தனை தடிமன் என்று சொல்லாமல் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் 300 மீட்டர் வரை போகலாம், கடைசி முனையில் 2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு வரக்கூடாது. மெல்லிய கம்பி என்றால் தூரம் அதற்கேற்ப சுருங்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கைவிளக்கு எழுதியது:

எல்லாமே ஒரே மேஜைமேல்தான் அண்ணா. மொத்தம் 6 மீட்டர் கூட வராது.

செம்புத்தடம் எழுதியது:

அப்படியானால் கம்பியும் இல்லை, கரண்டும் இல்லை. ஒரு டிரைவர் பஸ்ஸிலிருந்து எடுப்பது அதிகபட்சம் 2 மில்லிஆம்ப். 14 பேருக்கு 28. நீங்கள் வைத்திருப்பது 245. தரப்படி மேல் வரம்பு 250, அதற்கும் கீழே இருக்கிறீர்கள், நல்லது. (இதே இடத்தில் பலர் இரண்டு டிரான்சிஸ்டர் கரண்ட் லிமிட்டை 2.7 ஓம் வைத்துக் கட்டுவார்கள். பேஸ் எமிட்டர் 0.6 வோல்ட் என்றால் 222 மில்லிஆம்ப் என்று கணக்குப் போடுவார்கள், குளிரில் அந்த 0.6 மெல்ல 0.7 ஆகும், உடனே 259. வரம்பு தாண்டியாச்சு. 3.3 ஓம் வைத்தால் 180 முதல் 212-க்குள் நிற்கும்.)

எனக்குச் சந்தேகம் அந்த 47 கிலோ ஓம் புல்அப் மேல்தான். 3.3 வோல்ட்டில் அது கேட்பது வெறும் 70 மைக்ரோஆம்ப். நீங்கள் எல்இடிக்குக் கொடுப்பதோ 16 வோல்ட்டில் பிரிட்ஜ், ஜீனர், எல்இடி எல்லாம் போக 8.6 வோல்ட்டை 4.7 கிலோ ஓமால் வகுத்தால் 1.8 மில்லிஆம்ப். ஆப்டோவின் டிரான்சிஸ்டரைத் தேவைக்கு மேல் பல மடங்கு அமுக்கி வைத்திருக்கிறீர்கள். அது அணைய நேரம் எடுக்கும், எரிய நேரம் எடுக்காது. டாலியில் ஒரு அரை பிட் 416.67 மைக்ரோ செகண்ட், வேகம் 1200 பிட்தானே, மெதுவானது, எந்த ஆப்டோ போட்டாலும் ஓடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வேகம் பிரச்சினையே இல்லை. ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமாக இல்லாததுதான் பிரச்சினை. ஒரு ஸ்கோப் (அலையை வரைந்து காட்டும் கருவி) இருந்தால் மைக்ரோகண்ட்ரோலர் காலில் அளந்து சொல்லுங்கள்.

டியூப்லைட்பல்லி எழுதியது:

ஸ்கோப் என்றதும் பயமாக இருக்கிறது தம்பி. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை பஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள். டாலி பஸ் 16 வோல்ட்தானே, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று ஒரு கதை ஓடுகிறது. டிரைவருக்குள்ளே மெயின்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருப்பது அடிப்படை இன்சுலேஷன் மட்டும். அதனால்தான் மெயின்ஸ் கம்பியோடு ஒரே கேபிளில் டாலி கம்பியையும் விட அனுமதிக்கிறார்கள், அதனாலேயே அதைத் தொடத்தக்க கம்பியாகக் கருதவும் கூடாது. நான் ஆரம்பத்தில் ஆப்டோவே இல்லாமல் இரண்டு டிரான்சிஸ்டரும் நாலு ரெசிஸ்டரும் வைத்து நேராக மைக்ரோகண்ட்ரோலரில் கொடுத்து, அதை லேப்டாப்பில் செருகினேன். பஸ்ஸில் இருந்த ஒரு பழைய டிரைவரில் உள்ளே கசிவு. சின்னதாக ஒரு "டப்". யூஎஸ்பி போர்ட் போச்சு. என் கை அப்போது மேஜையில்தான் இருந்தது, லேப்டாப்பில் இல்லை. அதை மட்டும் நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

ஆப்டோ 5000 வோல்ட் தாங்கும் என்று தாளில் எழுதியிருக்கும். அடியில் நீங்கள் இரண்டு தடத்தை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட்டியிருந்தால் அந்த 5000-க்கு அர்த்தமே இல்லை. ஆப்டோவுக்குக் கீழே தாமிரம் எதுவும் வேண்டாம், முடிந்தால் நடுவில் ஒரு வெட்டு போடுங்கள்.

கைவிளக்கு எழுதியது:

ஐயோ, நல்லவேளை சொன்னீர்கள். மைக்ரோகண்ட்ரோலர் பக்கம் மட்டும்தான் அளந்தேன். பிசிபி இல்லை, புள்ளி போர்டுதான், ஆப்டோவுக்குக் கீழே இருந்த தாமிரப் புள்ளிகளை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன்.

அளந்தது: பஸ் கீழே இருக்கும் அரை பிட் என் காலில் 251 மைக்ரோ செகண்டாகத்தான் வருகிறது. மேலே இருக்கும் அரை பிட் 582. இரண்டையும் கூட்டினால் 833, சரியாக ஒரு பிட். செம்புத்தடம் சார் சொன்னது அப்படியே. ஆனால் இவ்வளவு கோணலாக இருந்தும் மூன்று டிரைவரில் எப்படி வேலை செய்தது என்றுதான் புரியவில்லை.

நேரக்கணக்கு எழுதியது:

அது எப்படி வேலை செய்தது என்று நான் சொல்கிறேன். உங்கள் டிகோடர் (பிட்டைப் படிக்கும் புரோகிராம்) இரண்டு விளிம்புக்கு, அதாவது அலை ஏறும் இறங்கும் இடங்களுக்கு, நடுவில் உள்ள நேரத்தை அளந்து, 625-க்குக் கீழே என்றால் அரை பிட், மேலே என்றால் முழு பிட் என்று முடிவு செய்கிறது, சரியா? 416-க்கும் 833-க்கும் நட்ட நடு 625. உங்களுக்கு விளிம்பு ஒன்று 165 மைக்ரோ செகண்ட் தள்ளிப் போகிறது. மேலே இருக்கும் அரை பிட் 582, கீழே இருக்கும் முழு பிட் 668. இரண்டும் 625-ன் இரண்டு பக்கமும் 43 மைக்ரோ செகண்ட் இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அறை கொஞ்சம் சூடானாலோ ஆப்டோவை மாற்றினாலோ விழுந்துவிடும். வேலை செய்தது என்று சொல்லாதீர்கள், இதுவரை விழவில்லை என்று சொல்லுங்கள்.

காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரே திசை விளிம்புகளை மட்டும் பாருங்கள். பஸ் இறங்கும் விளிம்புக்கும் அடுத்த இறங்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தால், ஆப்டோ எவ்வளவு தாமதித்தாலும் இரண்டு விளிம்பும் ஒரே அளவு தாமதிக்கும், கோணல் தானாகக் கழிந்துவிடும். மான்செஸ்டரில் (ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு விளிம்பு வரும் குறியீடு, டாலி பேசுவது அதில்தான்) அந்தத் தூரம் இரண்டு அரை பிட், மூன்று, நாலு என்று மூன்றே வகைதான்: 833, 1250, 1667. நீங்கள் இப்போது பிட்டின் நடுவில் இருக்கிறீர்களா, எல்லையில் இருக்கிறீர்களா என்று ஒரு கொடி வைத்துக்கொண்டால் போதும். டாலியில் 1 என்றால் பிட்டின் நடுவில் ஏறும், 0 என்றால் இறங்கும். ஸ்டார்ட் பிட் எப்போதும் 1, ஆகவே முதலில் கிடைக்கும் இறக்கம் பிட்டின் எல்லை. எல்லையிலிருந்து 833 வந்தால் அடுத்ததும் 1, நீங்கள் இன்னும் எல்லையில். 1250 வந்தால் அடுத்தது 0, நடுவுக்கு வந்துவிட்டீர்கள். நடுவிலிருந்து 833 என்றால் இன்னொரு 0. 1250 என்றால் ஒரு 1 முடிந்து இன்னொரு 1 தொடங்கிவிட்டது, மறுபடி எல்லை. 1667 என்றால் 1, அப்புறம் 0, நடுவிலேயே. அவ்வளவுதான், ஒரு தாளில் வரைந்து பாருங்கள், பத்து நிமிஷம்.

செம்புத்தடம் எழுதியது:

நல்ல யோசனைதான், ஆனால் இதைச் சாக்காக வைத்து சர்க்யூட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது. மென்பொருளால் மறைத்த கோணலை ஆறு மாதம் கழித்து யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். 47-ஐ எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் வையுங்கள். ஒரே ஒரு ரெசிஸ்டர்.

கைவிளக்கு எழுதியது:

வைத்தேன். இப்போது 380-ம் 453-ம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்! டிகோடரையும் நேரக்கணக்கு சொன்ன மாதிரி மாற்றிவிட்டேன். தனித்தனியாக ஒவ்வொரு டிரைவரையும் கேள்வி கேட்டால் ஒரு தவறும் இல்லை, ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்தேன்.

ஆனால் முகவரி தேடல் அப்படியேதான் இருக்கிறது. இப்போது 9, அப்புறம் 10, மறுபடி 9. ஒன்று கவனித்தேன்: என்னிடம் இரண்டு வகை டிரைவர் இருக்கிறது. ஒரு வகையை மட்டும் மாட்டினால் எல்லோரும் கிடைக்கிறார்கள். இரண்டையும் கலந்தால்தான் சொதப்பல்.

நேரக்கணக்கு எழுதியது:

இந்தக் கடைசி வரியை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நாம் எல்லோரும் நேற்றே தூங்கியிருப்போம்.

கம்பேர் கட்டளைக்குப் பதில் என்னவென்று யோசியுங்கள். எல்லா டிரைவரும் 24 பிட்டில் ஒரு ரேண்டம் எண் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு தேடல் எண்ணைச் சொல்லி கம்பேர் என்றால், அந்த எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ வைத்திருக்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் "ஆம்" என்று 255 அனுப்புவார்கள். ஒரே வகை டிரைவர் என்றால் உள்ளே ஒரே சிப், ஒரே தாமதம், எல்லாப் பதிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்குறைய அச்சாக விழும், உங்கள் டிகோடருக்கு அது ஒழுங்கான 255. இரண்டு வகை கலந்தால் ஒன்று 3 மில்லி செகண்டில் பேச ஆரம்பிக்கும், இன்னொன்று 6-ல். பழைய தரத்தில் பதில் 2.92 முதல் 9.17 மில்லி செகண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், புதிய டாலி 2 தரத்தில் 5.5 முதல் 10.5. ஒன்றின்மேல் ஒன்று சரிந்து விழுந்த கூளம்தான் உங்களுக்கு வருகிறது. உங்கள் டிகோடர் அதைப் பார்த்து "ஃபிரேம் (ஒரு முழுச் செய்தி) சரியில்லை" என்று குப்பையில் போட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லவில்லை என்று முடிவு செய்கிறது. கூட்டமே கை தூக்குகிறது, நீங்கள் ஒருவரும் இல்லை என்று எழுதிக்கொள்கிறீர்கள்.

கம்பேருக்கு மட்டும் விதியை மாற்றுங்கள்: பதில் நேரத்துக்குள் பஸ்ஸில் ஏதாவது ஒரு இறக்கம் வந்தாலே "ஆம்". டிகோட் செய்யவே வேண்டாம்.

கைவிளக்கு எழுதியது:

14! மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் 14. ரொம்ப நன்றி. ஆனால் தேடி முடிக்க அரை நிமிஷத்துக்கு மேல் ஆகிறது, இது சாதாரணமா?

நேரக்கணக்கு எழுதியது:

சாதாரணம்தான். ஒரு ஃபிரேம் 38 அரை பிட், 15.8 மில்லி செகண்ட். அடுத்ததற்கு முன் 9.17 இடைவெளி. ஆக 25. தேடல் எண்ணை மூன்று துண்டாக அனுப்பி ஒரு கம்பேர் என்றால் நாலு ஃபிரேம், 100. எண் 24 பிட் என்பதால் தேடும் எல்லையை 24 தடவை பாதியாக்கினால் ஒரு டிரைவருக்கு 2.4 வினாடி. 14 பேருக்கு 34 வினாடி. மாறாத துண்டை மறுபடி அனுப்பாமல் விட்டால் பாதிக்குக் குறைக்கலாம். இனிஷியலைஸும் (தேடலைத் தொடங்கும் கட்டளை) ராண்டமைஸும் (ரேண்டம் எண் எடுக்கச் சொல்லும் கட்டளை) மட்டும் 100 மில்லி செகண்டுக்குள் இரண்டு தடவை போக வேண்டும், அதை மறந்தால் ஒரு டிரைவரும் அசையாது. இனிஷியலைஸ் சொன்னபின் 15 நிமிஷம் கதவு திறந்திருக்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

மேடைநிழல் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? மேடை விளக்குக்குப் போடும் டிஎம்எக்ஸ் 512 போட்டால் ஒரு மேக்ஸ் 485 சிப், கடைசியில் ஒரு 120 ஓம், முடிந்தது கதை. 250 கிலோபிட் வேகம், 512 சேனல்.

செம்புத்தடம் எழுதியது:

மேடைக்கு அதுதான் சரி. ஆனால் அதில் கம்பியை வரிசையாகத்தான் இழுக்க வேண்டும், விளக்கு பதில் பேசாது, ஒவ்வொன்றிலும் முகவரியைக் கையால் வைக்க வேண்டும். டாலியில் கம்பியை மரம் மாதிரி எப்படி வேண்டுமானாலும் கிளை பிரிக்கலாம், வளையம் மட்டும் ஆகாது. கட்டடத்துக்கு டாலி.

கைவிளக்கு, உங்களிடம் இன்னொரு விஷயம் பாக்கி. வாங்கும் பக்கம் 16 வோல்ட்டில் நன்றாக இருக்கிறது. தரப்படி வாங்குபவர் 9.5 முதல் 22.5 வோல்ட் வரை எதையும் "மேலே" என்று எடுத்துக்கொள்ள வேண்டும், 6.5-க்குக் கீழே என்றால் "கீழே". உங்கள் 4.7 கிலோ ஓம் 22.5 வோல்ட்டில் 3.2 மில்லிஆம்ப் எடுக்கும், 2-ஐத் தாண்டியாச்சு. 9.5-ல் 0.45 மில்லிஆம்ப்தான் மிஞ்சும், அவ்வளவு குறைந்த கரண்டில் பிசி 817-ன் கடத்தல் விகிதமும் (எல்இடி கரண்டுக்கு எத்தனை சதவீதம் அந்தப் பக்கம் வரும் என்பது) படுத்துவிடும், தாளில் எழுதியிருக்கும் விகிதம் 5 மில்லிஆம்பில் அளந்தது. உங்கள் புதிய புல்அப்பை அது இழுக்கவே இழுக்காது.

மருந்து இரண்டு பிசி 547. முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் ஆப்டோ எல்இடி, எமிட்டரில் 560 ஓம். இரண்டாவதன் பேஸ் அந்த எமிட்டரில், கலெக்டர் முதலாவதன் பேஸில், அங்கேயே ஜீனருக்கு அப்புறமுள்ள முனையிலிருந்து 33 கிலோ ஓம். பஸ் 10 ஆனாலும் 20 ஆனாலும் எல்இடிக்கு ஏறக்குறைய 1 மில்லிஆம்ப். ஆப்டோ மட்டும் சி தரமாகப் பார்த்து எடுங்கள், அதாவது விகிதம் 200 முதல் 400 சதவீதம். டிரான்சிஸ்டர்கள் முக்கால் வோல்ட் தின்னும், ஆகவே ஜீனரை 4.7-க்கு இறக்குங்கள். இந்த அளவு ஜீனர்கள் 1 மில்லிஆம்பில் பெயரில் உள்ள வோல்ட்டைக் காட்டாது, குறைவாகத்தான் காட்டும், கையிலிருப்பதை அளந்து, மாறும் புள்ளி 8 வோல்ட்டை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.

அனுப்பும் பக்கம் நீங்கள் செய்த டார்லிங்டனை மாற்றாதீர்கள், அது அழகு. பலர் அங்கே மாஸ்ஃபெட் வைத்து கேட்டுக்கு மின்சாரத்தைப் பஸ்ஸிலிருந்தே எடுப்பார்கள், பஸ்ஸைக் கீழே இழுத்த மறுகணம் கேட்டுக்கு மின்சாரம் இருக்காது, உட்கார்ந்த கிளையை வெட்டின கதை. உங்களுடையது பிரிட்ஜில் 1.7, டிரான்சிஸ்டர்களில் 1.1, ஆக 2.8 வோல்ட்டில் நிற்கும், அனுப்புபவருக்கு வரம்பு 4.5. போதும். பிசி 337-ன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் ஒரு 1 கிலோ ஓம் இருக்கிறதல்லவா? இல்லையென்றால் அணைய மறுக்கும்.

கைவிளக்கு எழுதியது:

இருக்கிறது சார். பிசி 547 இரண்டையும் வைத்துவிட்டேன், 10 வோல்ட்டிலும் 20 வோல்ட்டிலும் ஒரே அலை.

ஒரு விசித்திரம் மட்டும் பாக்கி. புது புரோகிராம் ஏற்றும்போதெல்லாம் எல்லா விளக்கும் முழு வெளிச்சத்துக்குப் போகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.

டியூப்லைட்பல்லி எழுதியது:

இது நமக்குத் தெரிந்த சமாச்சாரம். பஸ் அரை வினாடிக்கு மேல் கீழேயே கிடந்தால் டிரைவர்கள் கண்ட்ரோல் செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பழுது நிலைக்குப் போகும், மாற்றாமல் விட்டால் அது 254, முழு வெளிச்சம். உங்கள் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது அனுப்பும் கால் மிதக்கிறது அல்லது ஹையில் நிற்கிறது, ஆப்டோ எரிகிறது, பஸ் படுத்துவிடுகிறது. அந்தக் காலில் கீழ்நோக்கி ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் பூட் ஆகும்போது தானே ஹை ஆகும் காலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், வேறு காலுக்கு மாற்றுங்கள்.

நேரக்கணக்கு எழுதியது:

கூடவே ஃபர்ம்வேரில் ஒரு காவல்: ஒழுங்கான ஃபிரேமில் பஸ் தொடர்ந்து கீழே இருப்பது அதிகபட்சம் 833 மைக்ரோ செகண்ட். அனுப்பும் கால் 2 மில்லி செகண்டுக்கு மேல் எரிந்தால் டைமரே அணைத்துவிட வேண்டும்.

கைவிளக்கு எழுதியது:

வேறு காலுக்கு மாற்றினேன், 10 கிலோ ஓமும் போட்டேன். இப்போது அமைதி. கடைசியாக ஒன்று, 127 அனுப்பினால் பாதி வெளிச்சம் வர வேண்டாமா? விளக்கு கிட்டத்தட்ட அணைந்த மாதிரி இருக்கிறது. அனுப்பும் பக்கம் பிட் தவறுகிறதோ?

செம்புத்தடம் எழுதியது:

பிட் சரியாகத்தான் போகிறது. டாலியின் அளவு மடக்கை வளைவு, 1 என்றால் 0.1 சதவீதம், 254 என்றால் 100. 127-க்கு வருவது 3 சதவீதம். பாதி வேண்டுமென்றால் 229 அனுப்புங்கள்.